1852 என்று இருந்தாலே முதல் பதிப்பா?

கேள்வி: அடிமை முறையை எதிர்த்து ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ இரண்டு தொகுதிகளாக விலைக்கு வந்திருக்கிறது. முகப்பில் 1852 என்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று நம்பி வாங்கலாமா?

பதில்: ஆண்டை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் அது திரும்பத் திரும்ப அச்சானது. அமெரிக்க நூல்களுக்குப் பிரிட்டனில் காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், லண்டன் பதிப்பாளர்களும் ஆளுக்கொரு பதிப்பு போட்டார்கள். நீங்கள் தேட வேண்டியது 1852 மார்ச் 20-இல் பாஸ்டனில் ஜான் பி. ஜூவெட் நிறுவனம் வெளியிட்டது. முதல் அச்சு 5,000 பிரதிகள்.

முகப்புப் பக்கத்தில் ‘பத்தாவது ஆயிரம்’ (எத்தனையாவது ஆயிரம் பிரதி என்பதைக் காட்டுவது) என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால் அது பிந்தைய அச்சு. அந்த வரியைச் சுரண்டியும் விற்பார்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுரண்டிய இடம் மெலிந்து தெரியும். முகப்பின் பின்பக்கத்தில் ஹோபார்ட் அண்ட் ராபின்ஸ் என்ற அச்சுத்தகட்டு வார்ப்பகத்தின் (கோத்த பக்கங்களை உலோகத் தகடாக வார்த்துத் தரும் நிறுவனம்) பெயர் இருக்க வேண்டும். உள்ளே வரிக்கு வரி ஒப்பிடுவது வீண் வேலை. வார்த்த தகடுகளை வைத்தே மறுஅச்சுகளும் அடித்ததால் வாசகம் மாறாது.

இன்னொன்று, இரண்டு தொகுதிகளையும் தனித்தனியே சோதியுங்கள். முதல் தொகுதி முதல் அச்சாகவும் இரண்டாவது பிந்தைய அச்சாகவும் இருக்கும் ஜோடிகள் சந்தையில் உண்டு. துணியின் நிறமும் முதுகின் பொன்னெழுத்து அளவும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படுங்கள். நான்கு பக்கங்களின் படம் கேளுங்கள்: இரண்டு தொகுதிகளின் முகப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: அடிமையாக இருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸின் 1845 தன்வரலாறு விலைக்கு வந்திருக்கிறது. தொடக்கத்தில் இருக்க வேண்டிய உருவப்படம் இல்லை. ‘வாசகம் முழுமை’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: படம் இல்லாத பிரதி குறையுள்ள பிரதிதான்; விலையும் அப்படியே குறைய வேண்டும். பாஸ்டன் அடிமை எதிர்ப்பு அலுவலகம் வெளியிட்ட அந்நூலில் ரோமன் எண்ணிட்ட 16 பக்கங்களும் அடுத்து 125 பக்கங்களும் உண்டு. அடிமை எதிர்ப்பாளர்களான கேரிசனின் முன்னுரையும் வெண்டல் ஃபிலிப்ஸின் கடிதமும் அந்த 16-இல்தான், விடாமல் எண்ணுங்கள். படம் ‘கிடைத்துவிட்டது’ என்று பிறகு ஒட்டித் தந்தால் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வலைபோல் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் பிற்காலத்து நகல். படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் அந்த முறை 1880-களில்தான் பரவியது.

கேள்வி: அட்டை கழன்ற பழைய பிரதியைத் தோலில் பைண்டிங் செய்யலாமா?

பதில்: கூடாது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதே அந்தக்கால அட்டைக்குத்தான். செல்லோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்; ஃபெவிகால் இறுகி, ஒட்டிய ஓரத்திலேயே தாள் கிழியும். அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரானால் பெட்டியருகே ஈரப்பத மானி ஒன்று இருக்கட்டும். 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பெயர், வாங்கிய தேதி எதுவானாலும் பென்சிலில் தனித் தாளில்.