பட்டறைக்கு சி.என்.சி. வருகிறது, மகன் வேலையை விட வேண்டுமா?

அம்மா, உங்கள் மகன் வேலை பார்க்கும் பட்டறையில் சி.என்.சி. மில்லிங் இயந்திரம், அதாவது கணினிக் கட்டளைப்படி தானே உலோகத்தை வெட்டும் இயந்திரம், வாங்கப்போகிறார்கள். சாதாரண மில்லிங் மெஷின் மட்டுமே ஓட்டத் தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். இப்போதே வேலையை விட்டுவிட்டு வேறு கணினிப் படிப்பில் சேரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த இயந்திரம் வந்து இறங்கும் நாளில் அவர் அங்கே இருக்க வேண்டும்.

எண் கட்டளைகளால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1952இல் இயக்கிக் காட்டியது. அதன்பின் கட்டுப்பாடு எவ்வளவோ மாறிவிட்டது. இரும்பு வெட்டுப்படும் விதம் மாறவில்லை. 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் என்ற வெட்டும் டூலை நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்டினால் அதைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 3,180 சுற்று சுற்ற வேண்டும். நான்கு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட், அதாவது வெட்டிக்கொண்டு முன்னேறும் வேகம், நிமிடத்துக்குச் சுமார் 636 மி.மீ. இந்தக் கணக்கை மென்பொருளே போட்டுத் தரும். ஆனால் ஜாப் (வெட்டப்படும் துண்டு) வைஸ் என்ற பிடிப்பானில் அரைகுறையாகப் பிடிபட்டிருந்தாலோ, டூல் அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ அதிர்வு வரும். சத்தத்தைக் கேட்டதும் ஃபீடைக் குறைக்க வேண்டும் என்பது உங்கள் மகனுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

அவர் புதிதாகக் கற்க வேண்டியது செட்டிங். அளவுகள் தொடங்கும் இடமான ஜாப்பின் பூஜ்ஜியப் புள்ளியை இயந்திரத்தின் ஜி54 என்ற பதிவிடத்தில் பதிவது, ஒவ்வொரு டூலின் நீளத்தையும் அளந்து அதற்குரிய ஆஃப்செட் (திருத்த அளவு) எண்ணில் ஏற்றுவது. மூன்றாம் டூலுக்கு இரண்டாம் டூலின் நீளத்தை அழைத்துவிட்டால், இயந்திரம் மறுபேச்சின்றி டூலை வைஸுக்குள் இறக்கிவிடலாம். சில கட்டுப்பாட்டு அமைப்புகளில் எக்ஸ் திசையில் 10 மி.மீ. நகர எக்ஸ்10 என்று தசமப் புள்ளி இல்லாமல் அடித்தால் அது 0.01 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் புது புரோகிராமை முதலில் ஜாப்புக்கு மேலே காற்றில் ஓட்டி, பிறகு பிளாக் பிளாக்காக, ஒவ்வொரு கட்டளை வரியாக, நகர்த்திப் பார்க்கிறார்கள். இந்தப் பொறுமை உள்ளவரைத்தான் முதலாளி அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்த விரும்புவார்.

இயந்திரத்தை நிறுவ வருபவர்கள் வழக்கமாகச் சில நாட்கள் பயிற்சியும் தருவார்கள். அதில் யார் உட்காருவது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆகவே, “பயிற்சியில் என்னையும் சேருங்கள்” என்று உங்கள் மகன் இந்த வாரமே கேட்கட்டும். மாலையில் இயந்திரத்தின் கட்டளை மொழியான ஜி-கோடைக் கையால் எழுதிப் பழகி, திரையில் ஓட்டிப் பார்க்கட்டும். அந்தக் கட்டளைகளைத் தானே எழுதித் தரும் கேம் மென்பொருள் அதற்குப் பிறகு. வரைபடம் வாசிப்பதிலும் திரிகோணமிதியிலும் தடுமாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சாய்த்தும் திருப்பியும் வெட்டும் ஐந்து அச்சு இயந்திரத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

சில வாரங்களில் புரோகிராமர் ஆக்கிவிடுவோம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பணம் கட்டுமுன் நேரில் போய், ஓடுகிற இயந்திரம் இருக்கிறதா, ஒரு இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள் என்று பாருங்கள்.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜாப்பை மாட்டி, பொத்தானை அழுத்தி, கழற்றி வைக்கும் வேலையை ரோபோ கையும் செய்துவிடும். பட்டறையில் ஆறு மாதம் கழித்தும் அவரை அந்த வேலையிலேயே வைத்து, ஆஃப்செட் பக்கத்தைத் தொடவிடவில்லை என்றால் வேறு இடம் தேடச் சொல்லுங்கள். அப்போதும் புது இடம் உறுதியான பிறகே விலக வேண்டும்.