பேசும் ரயில்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகளும் திரையும் என்று பொதுவாகத்தான் பெற்றோரிடம் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் நிறைய தாமஸ் என்ற ரயில் கார்ட்டூன் பற்றியவை. நீல இன்ஜின், சாம்பல் நிற முகம், உருளும் கண்கள், தெரியாத வீடு குறைவு. சக்கிங்டன், டிட்டிபோ என்ற வேறு ரயில் கார்ட்டூன்கள் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் மகனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். ரயில் வீடியோ போட்டால்தான் சாப்பிடுவான். தினமும் மூன்று மணி நேரமாவது ஓடும். இன்ஜின்களின் பெயரெல்லாம் சொல்கிறான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறப்பதில்லை, என் கையைப் பிடித்து இழுக்கிறான். பார்த்துப் பார்த்தே பேச்சு வந்துவிடும் என்கிறார் என் மாமியார். சரியா?

வராது. அதாவது, பார்ப்பதால் மட்டும் வராது. இந்த வயதில் குழந்தைகள் திரையிலிருந்து கற்பது, எதிரே உட்கார்ந்து பேசும் ஆளிடமிருந்து கற்பதைவிடக் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காரணம் எளிது. குழந்தை "ஊ" என்றால் அம்மா திரும்பிப் பார்ப்பார், "என்ன, தண்ணியா?" என்பார். தாமஸ் திரும்பிப் பார்க்காது. குழந்தை என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும் அதன் கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் ஏறக்குறைய இதுதான். உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம். அவன் பேசாததற்கு வீடியோதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டில் யாரோடும் அவனுக்குப் பேச்சு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதலில் சாப்பாட்டையும் வீடியோவையும் பிரித்துவிடுங்கள். நான்கைந்து நாள் ரகளை இருக்கும், இரண்டு வாய் குறைவாகச் சாப்பிடுவான். பரவாயில்லை. அப்புறம், மாலையில் ஒரே ஒரு கதை, நீங்களோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்து. ஒலியைக் குறைத்துவிட்டுத் தமிழில் நீங்களே சொல்லுங்கள்: "வண்டி வருது... வண்டி நின்னுடுச்சு... ஏன் நின்னுச்சு?" அவனுக்குப் பிடித்த பொருளைப் பற்றிய பேச்சு என்பதால் காது கொடுப்பான். பொம்மை இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு "போ", "வா", "நில்லு", "இன்னும்" என்ற நான்கு சொற்களைக் கொண்டே ஒரு வாரம் விளையாடலாம்.

இன்னொன்று, தள்ளிப்போடக் கூடாதது. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் எதிர்பார்க்கப்படுகின்றன. பெயர்களைச் சொல்கிறான், ஆனால் கேட்பதற்குப் பேச்சைப் பயன்படுத்துவதில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனையும் பேச்சு வளர்ச்சியையும் பரிசோதித்துவிடுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்" என்று காத்திருக்க வேண்டாம்.

நல்ல பழக்கம் கற்றுக்கொடுக்கும் என்று நினைத்து நான்கு வயது மகளுக்குப் போட்டேன். பார்த்தால் இன்ஜின்கள் எந்நேரமும் சண்டை, பொறாமை, ஒன்றையொன்று கேலி. ஓர் இன்ஜினைச் சுரங்கத்துக்குள் வைத்துச் சுவரே எழுப்பிவிடுகிறார்கள்! இதில் என்ன நீதி இருக்கிறது?

நீங்கள் பார்த்தது ஹென்றியின் கதை. மழையில் தன் பச்சைப் பெயின்ட் கெட்டுவிடும் என்று சுரங்கத்தைவிட்டு வெளியே வர மறுக்கும் இன்ஜின். எல்லோரும் இழுத்தும் தள்ளியும் பார்க்கிறார்கள், நகரவில்லை. கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சுவர் கட்டிவிடுகிறார்கள். இந்தக் கதைகளை எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். தட்டம்மையில் படுத்திருந்த மகனுக்குச் சொல்லத் தொடங்கி, 1945-ல் முதல் புத்தகமாக வந்தவை. அந்தக் காலத்து ஆங்கிலேய வீட்டுக் கண்டிப்பு அவற்றில் அப்படியே இருக்கிறது. அடுத்த கதையில் கார்டன் பழுதாகி நிற்க, ஹென்றியை வெளியே விட்டு எட்வர்டோடு சேர்ந்து வண்டி இழுக்க வைக்கிறார்கள். ஆனால் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கும் குழந்தை, சுவரோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். போட்டால் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இனி நீதிக்கு வருகிறேன். கதை முடிவில் நீதி இருந்தால் அது குழந்தைக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்தல் பற்றிய ஒரே கதையை இரு விதமாகப் படித்துக் காட்டினார்கள். ஒன்றில் பாத்திரங்கள் மனிதர்கள், மற்றதில் பேசும் விலங்குகள். பிறகு தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தவர்கள் மனிதர் கதையைக் கேட்டவர்கள். அது புத்தகம், ரயில் வீடியோ அல்ல. ஆனாலும் முகம் வைத்த இன்ஜினுக்கும் அதே சிக்கல் இருக்கலாம் என்றே நினைக்கிறேன். 2008-ல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வில், மூன்று கால் நாயை ஏற்றுக்கொள்வது பற்றிய கார்ட்டூனைப் பார்த்த சின்னக் குழந்தைகள் பலர், "மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும்" என்பதுதான் பாடம் என்றார்கள். நம்மைப் போல் இல்லாத மனிதர்களைப் பற்றியது என்பது எட்டவேயில்லை.

தாமஸ் கதைகளின் அமைப்பையும் கவனியுங்கள். பத்து நிமிடக் கதையில் பெரும்பகுதி பெருமையடிப்பதும் கேலியும்தான். மன்னிப்பு கடைசி அரை நிமிடத்தில் அவசரமாக வந்துபோகும். குழந்தை மனதில் எது தங்கும்?

அதற்காக நிறுத்தச் சொல்லவில்லை. சண்டை நடக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: "பெர்சிக்கு இப்ப எப்படி இருக்கும்?" பாட்டி தாத்தா கதை சொன்னபோது இந்த நிறுத்தம் தானாகவே நடந்தது, ஏனென்றால் குழந்தை குறுக்கே கேட்டுக்கொண்டே இருக்கும். வீடியோவில் நாம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மறுநாள் வீட்டில் தம்பியோடு சண்டை வரும்போது, "நேத்து ஜேம்ஸ் செஞ்ச மாதிரியா?" என்று ஒரு வார்த்தை. நான்கு வயதுக்கு இன்ஜினிலிருந்து மனிதருக்குப் பாலம் போட்டுக் கொடுக்க ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தத் தொடரில் எனக்கே உறுத்துவது வேறொன்று. "பயனுள்ள இன்ஜின்" என்பதுதான் அங்கே மிகப் பெரிய பாராட்டு. வேலைக்கு ஆகாத இன்ஜின் பழைய இரும்புக்குப் போய்விடும் என்ற பயம் கதைகளில் அடிக்கடி வரும். "பயனுள்ளவளா இல்லாட்டியும் நீ எங்க பொண்ணுதான்" என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள். அதிகப்படியாகத் தோன்றலாம், சொல்வதில் நஷ்டமில்லை.

பழைய தாமஸ், புதிய தாமஸ் என்று பல விதம் இருக்கிறதே, எதைப் போடலாம்?

என் ஓட்டு பழையதற்கு. 1984-ல் பிரிட்டனில் தொடங்கிய தொடர் உண்மையான மாடல் ரயில்களை ஓட்டிப் படம்பிடித்தது. முகத்தில் கண் மட்டும் அசையும், வாய் அசையாது. ஒரே ஒருவர் மொத்தக் கதையையும் சொல்வார். முதலில் சொன்னவர் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். காட்சிகள் நிதானமாக மாறும். பிற்பாடு கணினி வரைகலைக்கு மாறியது. 2021-லிருந்து முழுக்க வேறு பாணியில், துள்ளிக் குதிக்கும் இரு பரிமாணக் கார்ட்டூன். அதில் இன்ஜின்கள் தண்டவாளத்தைவிட்டு எகிறுகின்றன. ரயில்வே நடைமுறை சரியாக இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர் ஆட்ரி; இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வேகத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறேன் என்றால், 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், காட்சிகள் சடசடவென மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த நான்கு வயதுக் குழந்தைகள், உடனே வைத்த கவனமும் பொறுமையும் வேண்டிய சோதனைகளில், படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளைவிடப் பின்தங்கினார்கள். அது ரயில் கார்ட்டூன் அல்ல, நீண்டகால விளைவையும் யாரும் அங்கே அளக்கவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மெதுவானதை எடுப்பதில் தவறில்லை.

அறிவுக்காகத்தான் என்றால், 2009-ல் வந்த டைனோசர் டிரெயினைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் உண்மையான தொல்லுயிர் ஆய்வாளர் ஒருவர் வந்து எது நிஜம் என்று விளக்குவார். ஐந்து வயதுக்குப் பொருத்தம்.

மூன்றரை வயது மகன் எல்லா இன்ஜின்களின் எண், நிறம் வரை ஒப்பிக்கிறான். பொம்மைகளை வரிசையாக அடுக்குகிறான். வசனங்களை அப்படியே சொல்கிறான். "ஆட்டிசமா இருக்கும், பாருங்க" என்று ஓர் உறவினர் சொன்னதிலிருந்து தூக்கமில்லை.

ரயிலை வரிசையாகத்தானே அடுக்க முடியும்! ஒரே பொருளின்மேல் இப்படிப்பட்ட தீவிர ஈடுபாடு சின்னக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு என்று ஓர் ஆய்வு சொல்கிறது. வண்டி, டைனோசர், பந்து என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தாமஸ் மிகவும் பிடிக்கும் என்பதும் உண்மை. முகபாவம் ஒன்று மட்டும், பெரிதாக, தெளிவாக இருக்கும். கதை சொல்லும் குரல் அமைதி. எது எப்போது நடக்கும் என்று ஊகிக்க முடியும். 2022-ல் புருனோ என்ற ஆட்டிசம் உள்ள பாத்திரத்தையே தொடரில் சேர்த்தார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ரயில் பிடிக்கும் என்பதால், ரயில் பிடித்தவர்களுக்கெல்லாம் ஆட்டிசம் என்று ஆகிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது ரயிலை அல்ல, உங்களை அவன் எப்படி விளையாட்டில் சேர்க்கிறான் என்பதை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? "அங்க பாரு" என்று விரல் நீட்டிக் காட்டுகிறானா? அடுக்கி முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? நீங்கள் ஒரு பெட்டியை இடம் மாற்றினால் கோபம் வந்து தணிகிறதா, அல்லது அரை மணி நேரம் அழுகிறானா? முன்பு பேசிய சொற்களை இழந்திருக்கிறானா? இவற்றில் சந்தேகம் இருந்தால் குழந்தை வளர்ச்சியைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள், உறவினரை அல்ல. வசனம் ஒப்பிப்பதைத் தடுக்க வேண்டாம். எந்த நேரத்தில் எந்த வசனம் வருகிறது என்று குறித்து வையுங்கள். சில குழந்தைகள் "கார்டன் மாட்டிக்கிட்டான்" என்ற வசனத்தைச் சட்டைக்குள் தலை மாட்டிக்கொள்ளும்போது சொல்வார்கள். அது அவர்கள் உதவி கேட்கும் வழி.

யூடியூபில் தாமஸ் போட்டால், கொஞ்ச நேரத்தில் பொம்மை ரயில்கள் மோதி நொறுங்கும் வீடியோவுக்குப் போய்விடுகிறது.

தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். யூடியூப் கிட்ஸ் செயலியில், பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படி வைக்கும் அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். இன்னும் நல்லது, பத்துக் கதைகளை இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தைத் துண்டித்துவிட்டுக் காட்டுவது. குழந்தைக்குப் புதிது புதிதாக வேண்டியதில்லை. அதே கதையை நூறு தடவை கேட்பார்கள், அலுப்பு நமக்குத்தான்.

பழைய மர ரயில் செட் ஒன்றை நண்பர் வீட்டில் கொடுத்தார்கள். வாயில் வைக்கும் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

எந்த ஆண்டு, எந்தத் தயாரிப்பு என்று தெரியாவிட்டால் வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் விற்ற தாமஸ் மர ரயில் பொம்மைகள் சுமார் 15 லட்சத்தைப் பெயின்ட்டில் ஈயம் இருந்ததற்காகத் திரும்பப் பெற்றார்கள். சிவப்பும் மஞ்சளும் உரிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பெண் குழந்தைக்கு ரயில் கார்ட்டூன் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அவளுக்கோ அஷிமா என்ற இன்ஜின் உயிர். அது நம் ஊட்டி ரயிலா?

ஆமாம். முதல் கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். தொடரில் பெண் இன்ஜின்கள் ரொம்பக் காலம் குறைவாக இருந்தது உண்மையான குறை. 2018-ல்தான் நியா, ரெபெக்கா என்ற இருவர் முக்கிய அணிக்குள் வந்தார்கள். அஷிமா அதற்குமுன் 2016-ல் ஒரு படத்தில் இந்தியாவிலிருந்து போட்டிக்கு வந்த இன்ஜின். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினை மாதிரியாக வைத்து வரைந்தது.

மகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் கடுமை என்பதால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது கம்பி ஓடும். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 2005-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து முழுதாக ஏறினால் ஐந்து மணி நேரம் ஆகும், சின்னக் குழந்தைக்குப் பெரும்பாடு. குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பகுதியில் வருவது டீசல் இன்ஜின் என்பதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் "அஷிமா எங்கே?" என்று அழுகை வரும். நீராவி இன்ஜினைக் காட்ட வேண்டுமென்றால், மேட்டுப்பாளையம் வண்டி வந்து சேரும் நேரம் பார்த்துக் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போங்கள். அங்கேதான் இன்ஜின் மாற்றுவார்கள்.