டெக்சஸ் முனிசிபல் கோர்ட் டிக்கெட்: கேள்வி பதில்

கேள்வி: பிளேனோவில் 40 மைல் சாலையில் 52-ல் போனதற்கு டிக்கெட். கையெழுத்துப் போட்டுவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா சார்?

பதில்: ஆகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிதான் அந்தக் கையெழுத்து. மாட்டிக்கொள்வது ஆன்லைனில் ஃபைன் கட்டும்போது. கட்டிவிட்டால் வழக்கை எதிர்க்கவில்லை என்று கணக்கு, தீர்ப்பு உங்கள் ஓட்டுநர் பதிவில் ஏறிவிடும். "கட்டித் தொலைப்போம்" என்று பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

டிக்கெட்டில் இருக்கும் ஆஜர் தேதிக்குள் "எதிர்க்கவில்லை" என்று எழுதிக்கொடுத்து, டிஃபென்சிவ் டிரைவிங் (பாதுகாப்பாக ஓட்டப் பழக்கும்) வகுப்பு கேளுங்கள்; ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சஸ் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் நகல், கோர்ட் கட்டணம் வேண்டும். கடந்த 12 மாதத்தில் இதே சலுகையில் வகுப்பு முடித்திருக்கக் கூடாது. பிறகு 90 நாள் அவகாசம். அதற்குள் வகுப்புச் சான்றிதழோடு டிபிஎஸ் (லைசென்ஸ் வழங்கும் டெக்சஸ் அரசுத் துறை) தரும் 3ஏ வகை ஓட்டுநர் பதிவும் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். விலை குறைவு என்று வேறு வகைப் பதிவை வாங்கி அனுப்பினால் செல்லாது. பதிவு வந்து சேரவும் நாளாகும், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 45-ல் 72 என்று எழுதிவிட்டார். நானும் வகுப்பு கேட்கலாமா?

பதில்: 25 மைலோ அதற்கு மேலோ தாண்டினால் அந்த உரிமை கிடையாது. "டெஃபர்டு", அதாவது தீர்ப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஜட்ஜ் மனது வைத்தால் அதிகபட்சம் 180 நாள் அவகாசம் தருவார். நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களுக்கு இரண்டு வழியும் அடைப்பு.

கேள்வி: இன்ஷூரன்ஸ் இருந்தது, அட்டைதான் கையில் இல்லை.

பதில்: டிக்கெட் எழுதிய நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்ததைக் காட்டினால் தள்ளுபடி. அன்று மாலையே ஓடிப்போய் எடுத்த பாலிசி உதவாது.

கேள்வி: வேலை போய்விட்டது. ஃபைன் கட்ட வழியில்லை. போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். ஆஜராகாதது தனிக் குற்றம்; வாரண்ட் வரும், பல ஊர்களில் லைசென்ஸ் புதுப்பிப்பும் நிற்கும். நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவணை கேட்கலாம், சமூக சேவையில் கழிக்கலாம்: 8 மணி நேர வேலைக்குக் குறைந்தது 100 டாலர் கழியும்.

கேள்வி: வழக்காடினால் ஜெயில் வருமா? ஆங்கிலம் தடுமாறும்.

பதில்: ஃபைன் மட்டுமே தண்டனை, போக்குவரத்து டிக்கெட்டுக்குப் பொதுவாக உச்சவரம்பு 200 டாலர், கோர்ட் செலவு தனி. 6 பேர் ஜூரி கேட்க உரிமை உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அன்று காலை கேட்டால் வாய்தாதான்.