யோகாவுக்கும், கேரளத்துக் களரி, குமரி மாவட்டத்து அடிமுறை என்ற சண்டைக்கலைகளுக்கும் என்ன தொடர்பு? யோகா தெரிந்தால் சண்டைக்கலை சீக்கிரம் வருமா?

முதல் கேள்விக்குப் பலரும் சட்டென்று "யோகாதான் தாய்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. (சீனாவுக்குச் சண்டைக்கலை கொண்டுபோனதாகச் சொல்லப்படும் போதிதர்மர் கதையை இங்கே இழுக்கவும் போவதில்லை, அது தனிப் பஞ்சாயத்து.)

பழைய நூல்களில் ஆசனம் என்றால் பெரும்பாலும் உட்காருவதுதான். திருமூலர் சொல்லும் பத்திரம், கோமுகம், பங்கயம் எல்லாம் இருக்கைகள். 15-ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகை விவரிப்பதே 15 ஆசனங்கள்தான். இன்று வகுப்பில் குனிந்து, படுத்து, எழுந்து தொடர்ச்சியாகச் செய்கிறோமே, அந்த ஓட்டத்தில் மல்யுத்தக்காரர்களின் பங்கு நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய முறையில் தண்டால் எடுக்கும் மல்யுத்தக்காரரைக் கவனித்துப் பாருங்கள். கையும் காலும் தரையில், இடுப்பு மேலே. தலையைத் தாழ்த்தி, நெஞ்சு தரையை உரசுகிற மாதிரி முன்னால் சறுக்கி, பாம்பு போலத் தலை நிமிர்ந்து, மறுபடி இடுப்பை உயர்த்திப் பின்னால் வருவார். இதையே அங்கங்கே நிறுத்தி நிதானமாக மூச்சு விட்டுச் செய்தால் சூரிய நமஸ்காரத்தின் நடுப்பகுதி கிட்டத்தட்ட வந்துவிடும். சூரிய நமஸ்காரத்தை 1920-களில் உடற்பயிற்சியாகப் பரப்பியவர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானத்து ராஜா. மைசூரில் 19-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்து ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் 122 ஆசனப் படங்கள் உண்டு, கயிற்றில் தொங்கிச் செய்பவை உட்பட. 1930-களில் அதே அரச குடும்பத்தின் ஆதரவில்தான் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். பின்னாளில் யோகாவை உலகெங்கும் கொண்டுபோன பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள்.

களரியில் பெயர்கள் ஒத்துப்போகும், வேலை வேறு. குக்குடாசனம் என்றால் பத்மாசனம் போட்டு, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே கையை நுழைத்து உடம்பைத் தூக்குவது. களரியின் குக்குட வடிவு (வடிவு என்பது விலங்கு, பறவை போல நிற்கும் சண்டை நிலை) என்றால் ஒற்றைக் காலைத் தூக்கிச் சண்டைச்சேவலாகப் பாயத் தயாராவது. ஆசனத்தில் தங்க வேண்டும். வடிவில் தங்கினால் அடி விழும்.

நிஜமான உறவு மூச்சிலும் வர்மத்திலும்தான் (அடிபட்டால் ஆளையே முடக்கக்கூடிய உடம்பின் இடங்கள்) இருக்கிறது. குமரி மாவட்டத்து ஆசான்கள் பலர் வர்ம வைத்தியர்களும்கூட. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைக் கணக்கு வைத்திருப்பார்கள். அடிக்கத் தெரிந்தவருக்கு இளக்கவும், அதாவது அந்த அடியின் பாதிப்பை எடுக்கவும், தெரிய வேண்டும். உடம்புக்குள் ஓடும் வாசியைப் (மூச்சு) பற்றிச் சித்தர் மரபு சொல்வதுதான் அடிப்பது, இளக்குவது இரண்டுக்கும் அடிப்படை. எங்கள் ஆசான் பிராணாயாமம் என்ற பேச்சையே எடுத்ததில்லை. ஒற்றைச்சுவடு என்ற அடிவைப்புப் பயிற்சி செய்யும்போது யாராவது வாயைப் பிளந்தால் "லேய், வாய மூடு, மூக்கால விடு" என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான்.

சரி, இரண்டாவது கேள்வி. ஓரளவு உதவும். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றியை முட்டியில் வைப்பவரால்கூட, முட்டி மடங்காமல் காலைத் தலை உயரத்துக்கு வீசி உதைக்க முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கையும் உடல் எடையும் சேர்ந்து இழுக்கின்றன, இங்கே கால் தன் பலத்திலேயே எழும்ப வேண்டும். சமநிலையும் மூச்சு நிதானமும் மட்டும் யோகா செய்தவர்களுக்கு முதல் நாளே கைகொடுக்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதானால், நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஆசனங்களை உதைப் பயிற்சிக்கு முன்னால் செய்யாதீர்கள். பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள்.