தொட்டிப் பாசியில் டீசல் எடுக்கலாமா?

கேள்வி: வெலிமடைப் பக்கம் முக்கால் ஏக்கரில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் செய்கிறேன். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. மேட்டுப் பாத்திகளில் இருந்து வடியும் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் 10,000 லீற்றர் சீமெந்துத் தொட்டி முழுக்கப் பாசி. பாசியில் டீசல் எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் தண்ணீர் பம்புக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற எவருக்கும் இந்த ஆசை வரும். வீடியோ சொன்னதும் பொய்யில்லை. சில நுண்பாசிகளின் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் எண்ணெய் இருக்கிறது. அதை மெதனோலோடு சேர்த்து மாற்றினால் டீசல் இயந்திரம் ஓடும்.

உங்கள் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுத்த இனத்தைப் போட்டு ஒழுங்காக வளர்க்கிற குளத்திலேயே 1 லீற்றர் தண்ணீருக்கு உலர்ந்த பாசி அரை கிராம் அளவில்தான் தேறும். 10,000 லீற்றருக்கு 5 கிலோ. எண்ணெய் 1 கிலோ சொச்சம். சின்னப் பம்ப் ஒரு மணித்தியாலம் ஓடினால் அது தீர்ந்துவிடும். அதற்காகத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடிகட்ட வேண்டும், பனியும் தூறலுமான ஊரில் பாசியைக் காயவைக்க வேண்டும். தானாக வந்த பாசியில் அவ்வளவு எண்ணெயும் இருக்காது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதை ஆராய்ந்து, செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தியது. எக்ஸான்மொபில் என்ற பெரிய எண்ணெய்க் கம்பனி 2009இல் இறங்கி, அதுவும் பின்வாங்கிவிட்டது. ஆகவே டீசலை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவலை மாடுகளைப் பற்றித்தான். அவை அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றனவா? நாளைக் காலையில் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். ஈரத் தலைமுடி மாதிரி நூல்நூலாகத் தொங்கினால் சாதாரண இழைப்பாசி. பச்சைப் பெயின்ட் மாதிரி குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை, மாட்டின் ஈரலையும் நரம்பையும் தாக்கிச் சில மணித்தியாலத்திலேயே கொன்றுவிடும். அப்படித் தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், மாடுகளுக்கு வேறு தண்ணீர் வையுங்கள், கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். மயில்துத்தம் போட்டுக் கொல்லப் பார்க்காதீர்கள். செத்த பாசி உடைந்து நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும்.

இழைப்பாசி என்றால் நல்லது. அதைக் காயவைக்கத் தேவையில்லாத வழி சாண எரிவாயுத் தொட்டிதான். பட்டியில் கட்டித் தீனி போடும் இரண்டு மாடுகளின் சாணம் நாளுக்கு 20 கிலோவுக்குக் குறையாது. அதே அளவு தண்ணீர் கரைத்து ஊற்றினால் சின்னக் குடும்பத்தின் சமையலில் பெரும்பங்கு நடக்கும், விறகு சுமப்பது குறையும். பாசியை வாரி, நறுக்கி, ஐந்து வாளி சாணத்துக்கு ஒரு வாளிக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். குளிரில் வாயு குறையும் என்பதால் தொட்டியை நிலத்துக்குள் இறக்கிக் கட்டுங்கள், மேலே வைக்கோல் போடுங்கள். வெளியே வரும் கரைசல் போஞ்சிக்கு நல்ல பசளை.

அப்புறம், இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? கிழங்குக்குப் போட்ட பசளை மழையில் கரைந்து தொட்டிக்குத்தான் இறங்கியிருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய யூரியா அது. பாத்திக்கும் தொட்டிக்கும் நடுவே குறுக்காக ஒரு கான் வெட்டி, கரையில் புல் நட்டுவிடுங்கள். பசளையை ஒரே தடவையில் கொட்டாமல், மழை விட்ட நாள் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். புல் வளர்ந்தால் மாட்டுக்கும் ஆகும்.