மார்கழிக் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி பற்றிய கேள்வி பதில்

பொள்ளாச்சியில் 22 வருடமாக கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். மார்கழியும் தையும் வந்தால் காலை ஆறு மணிக்கே போன் அடிக்கும். பலருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான். இந்த முறை வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வால்பாறையிலிருந்து: அண்ணா, ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுன வண்டிங்க. காலையில சாவியைத் திருப்புனா டக் டக்னு சத்தம் மட்டுந்தான் வருது. பனிதான் காரணமுங்களா?

பனி கடைசியாக வந்த காரணம், தம்பி. முதல் காரணம் போன சித்திரை வெயில்.

குளிரில் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கும். பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடும். இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட் தேவைப்படும். கொடுப்பது குறையும்போது கேட்பது கூடுகிறது. ஆனால் தண்ணீர் உறையும் குளிரில்கூட நல்ல பேட்டரி தன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் இழக்கும். வால்பாறைக் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை. அதனால் நல்ல பேட்டரியை அது சாய்க்காது.

வெயில் காலத்தில் பானட்டுக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பேட்டரித் தண்ணீர் வற்றும், உள்ளே தகடுகள் அரிக்கும். அப்போது ஆயில் இளகி இருப்பதால் பாதி பலம் போன பேட்டரியும் வண்டியை எடுத்துவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது. மார்கழியில்தான் வெளியே வரும். கோடையில் பட்ட அடி அது. அதனால்தான் பேட்டரியை ஐப்பசியிலேயே ஒரு தடவை லோடு டெஸ்டரில் (பேட்டரியிலிருந்து கரண்ட்டை இழுத்து அதன் பலத்தைப் பார்க்கும் கருவி) பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வண்டி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கி, டக் டக் என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை) சரியாகப் பிடிக்கவில்லை. லைட் பளிச்சென்று இருந்து, ஒரே ஒரு டக் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படுங்கள். எதற்கும் முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். கிணத்துக்கடவிலிருந்து ஒருவர் புது பேட்டரியே வாங்கிப் போட்ட பிறகு என்னிடம் வந்தார். பிரச்சனை மைனஸ் கிளாம்ப் தளர்ந்திருந்ததுதான். பத்து நிமிட ஸ்பேனர் வேலைக்கு அத்தனை ஆயிரம் செலவு செய்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

திருப்பூரிலிருந்து: ஊட்டிக்குக் குடும்பத்தோட போயிருந்தோமுங்க. லாட்ஜ் வாசல்ல வண்டி படுத்துருச்சு. பக்கத்துக் கார்க்காரர் கேபிள் குடுத்தாரு, ஆனா எதை எங்க மாட்டறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியலீங்க. முறையைச் சொல்லுங்க.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வரிசை தப்பினால் ஆபத்து.

இரண்டு வண்டியும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது. இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். லைட், ஃபேன், பாட்டு எல்லாம் நிறுத்துங்கள். சிவப்புக் கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. அப்புறம் கறுப்புக் கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. கடைசியாக மிச்சம் இருக்கும் கறுப்பு முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கடைசி முனை தொடும்போது தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும், அது தீப்பிடிக்கக் கூடியது. பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு உங்கள் வண்டியை முயலுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். மூன்று நான்கு தடவையில் எடுக்கவில்லை என்றால் விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எடுத்துவிட்டால், மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்: கடைசியாக மாட்டிய கறுப்பு முனை முதலில்.

அப்புறம் மேட்டுப்பாளையம் இறங்கும் வரை இன்ஜினை அணைக்க வேண்டாம். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினாலும் ஒருவர் வண்டியிலேயே உட்காரட்டும். கேபிள் வாங்கும்போது மேல் பிளாஸ்டிக் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே செம்பு தடிமனாக இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி சூடாவதுதான் மிச்சம்.

கோவையிலிருந்து: தள்ளி ஸ்டார்ட் பண்ணலாங்களா?

கியர் வண்டி என்றால் செய்யலாம். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் பிடித்ததும் கிளட்சை விடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாக இருக்கும், மலைச்சரிவில் இந்த வேலையே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டிகள் தள்ளி எடுக்காது.

நாமக்கல்லிலிருந்து: நம்ம லாரியிலிருந்து காருக்குக் கேபிள் போடலாமுங்களா?

கூடாது. லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். கார் 12 வோல்ட். காரின் கம்ப்யூட்டர் எரிந்துவிடும்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து: தம்பி, பையன் வெளிநாட்டுல இருக்கான். அவன் கார் போர்ட்டிகோவுல நிக்குது. வாரம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணித்தான் வெக்கறேன். அப்படியும் இறங்கிருதே, ஏன் சாமி?

அம்மா, அந்த ஐந்து நிமிடம்தான் காரணம். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட்டை, நின்றபடி ஓடும் இன்ஜின் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பிப் போடாது. வாராவாரம் கொஞ்சம் கடன் சேர்கிறது.

இன்னொன்று, நிற்கும் காரும் கரண்ட் சாப்பிடும். அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் விழித்திருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). சின்னக் கார்களில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். ஒரு மாதத்தில் காலி. கேமராவோ ஜிபிஎஸ்ஸோ தனியாக மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

யாராவது ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் வாரம் ஒரு தடவை சத்தியமங்கலம் வரை போய் வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதற்கு முன்பு, ரிமோட் இல்லாமல் சாவியால் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மல்டிமீட்டர் வெச்சிருக்கறேனுங்க. எத்தனை காட்டோணும்?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே என்றால் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது ஏறவே இல்லை என்றால் தப்பு ஆல்டர்னேட்டரில், நம்ம ஊரில் டைனமோ என்று சொல்வோமே, அதில். புது பேட்டரி போட்டாலும் மறுநாள் இறங்கிவிடும்.

பல்லடத்திலிருந்து: தண்ணி குறைஞ்சிருக்குதுங்க. ஆசிட் ஊத்தறதா, போர் தண்ணி ஊத்தறதா?

இரண்டும் வேண்டாம். வற்றியது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், தகடு மூழ்கி மேல் கோடு வரை. நம்ம பக்கத்து போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு, முதலில் மைனஸையும் அடுத்து பிளஸ்ஸையும் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, திரும்ப மாட்டிய பிறகு வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து இன்னொருவர்: சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகற வண்டிங்க. சாதா பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்குது, போட்டுக்கலாங்களா?

வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதற்கென்றே செய்த இஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகை பேட்டரி. பழைய பேட்டரியில் எது எழுதியிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். சாதா பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

காங்கேயத்திலிருந்து: பழைய பேட்டரி ரெண்டு மாட்டுக் கொட்டாயில கெடக்குதுங்க. அதை என்ன பண்றதுங்க?

இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கிறது. ஒழுகினால் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் சேரும், ஈயம் மாட்டைக் கொன்றுவிடும். குழந்தைகளுக்கும் ஆகாது. உடைத்து ஈயம் எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். சாய்க்காமல், நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள்.