செல்ஃப் சுற்றுது, வண்டி ஸ்டார்ட் ஆகலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி, டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் விட்டால் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மெக்கானிக் சொல்லி பேட்டரியும் நாலு பிளக்கும் மாற்றிவிட்டேன். இப்போது பெட்ரோல் பம்ப் மாற்றணும் என்கிறார். மாற்றலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப்பாகவும் இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதை வாங்கிப் போடாதீர்கள். பேட்டரிக்குச் செலவழித்ததே தேவையில்லாத வேலை. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றாலே பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அவற்றின் வேலையைச் செய்கின்றன என்றுதான் அர்த்தம். சுற்றும்போது வேகம் குறைந்து இழுத்து இழுத்துச் சுற்றினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படலாம். அப்போது வோல்டேஜ் மிகவும் இறங்கினால் செல்ஃப் சுற்றினாலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் விழித்திருக்காது.

சுற்றுகிற பெட்ரோல் இன்ஜின் ஓட பெட்ரோல் வேண்டும், பிளக்கில் பொறி வேண்டும், சிலிண்டரில் அழுத்தம் வேண்டும், மூன்றும் சரியான நேரத்தில் நடக்க வேண்டும். ஆறிய பிறகு உங்கள் வண்டி ஒழுங்காக ஓடுவதால் அழுத்தமும் டைமிங்கும் சரி என்று வைத்துக்கொள்ளலாம். (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் செல்ஃப் சத்தமே மாறிவிடும், தடையே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், அப்படிக் கேட்டால் அதற்கு மேல் சாவியைத் திருப்பவே கூடாது.) மிச்சம் இருப்பது பெட்ரோலா, பொறியா என்பதுதான், அதைக் கண்டுபிடிக்க வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற அந்த அரை மணி நேரம்தான் சரியான நேரம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டால் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார்கள்.

முதலில் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி 'ஙீங்' என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும், அதுதான் பம்ப். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை கேட்டுப் பழகிக்கொண்டால், இல்லாதபோது உடனே தெரியும். சத்தம் இல்லையென்றால் பம்ப்புக்கு முன்னால் ஃப்யூஸையும் ரிலேயையும் (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பாருங்கள். பல கார்களில் ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரிதான் இருக்கும், நம்பர் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கப் பைசா செலவில்லை.

பம்ப் சத்தம் வருகிறது, அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே சோதனை. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் வழியில் ஒரு விநாடி மட்டும் அடித்து, மூடியைப் போட்டு இறுக்கியபிறகு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். யாரும் பானட்டுக்கு மேல் குனிந்து நிற்கக் கூடாது, பக்கத்தில் பீடி சிகரெட் கூடவே கூடாது. இரண்டு விநாடி இன்ஜின் ஓடி நின்றுவிட்டால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை, மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஒரு அசைவும் இல்லையென்றால் பொறியே இல்லை, பம்ப்பை மாற்றி ஒரு பயனும் கிடையாது. பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக் கரண்ட் வருதா என்று பார்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், இன்றைய காயில்கள் முப்பதாயிரம் வோல்ட் வரை போகும்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் சந்தேகம் போனது கிராங்க் சென்சார் மேல். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது சொல்லாவிட்டால் இன்ஜின் நிற்கிறது என்றே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், பொறியும் தராது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் திறக்காது. பல சென்சார்களில் உள்ளே முடி போல மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வயதானதும் அதில் விழும் நுண்ணிய விரிசல் சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது, ஆறியதும் மறுபடி சேர்கிறது. 'காலையில் சரி, வெயிலில் இல்லை' என்பதற்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

சரி, எப்படி உறுதி செய்வது? ஸ்டீயரிங்குக்குக் கீழே கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் ஸ்கேனர் மாட்டி லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். 200 சுமாருக்குக் காட்டினால் சென்சார் வேலை செய்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம் என்றால் சென்சார் அல்லது அதன் வயர். பி0335 என்ற கிராங்க் சென்சார் பழுதுக் குறியீடு இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் குறியீடு பதிவாகாமலும் போகும். ஸ்கேனர் இல்லையா, சென்சார் இருக்கும் இடத்தை மெக்கானிக்கிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு (பெரும்பாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம், அல்லது கிராங்க் புல்லி பக்கம்), அடுத்த தடவை நிற்கும்போது ஓடும் பாகங்களில் கை படாமல் ஈரத்துணியை அதன்மேல் வைத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிட்டான்.

புது சென்சார் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் இறங்கிப் பின் கறுத்திருக்கும், அல்லது வயரை எலி கடித்திருக்கும், வீட்டு வாசலில் நிறுத்துகிற வண்டிகளில் இது சர்வசாதாரணம். வயரைச் சரிசெய்தாலே போதும் என்கிற நிலையில் சென்சாருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஸ்டார்ட் ஆகவில்லை என்று விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், அரை நிமிடம் விட்டு அடுத்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகும், பொறி இல்லாமல் பெட்ரோல் மட்டும் வருகிற கோளாறாக இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.

கேள்வி: டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். அதிலிருந்து செல்ஃப் மட்டும் சுற்றுகிறது.
வாசகர், ஈரோடு

பதில்: டீசல் குழாய்க்குள் காற்று நுழைந்துவிட்டது. ஃபில்டர் பக்கத்தில் கையால் அமுக்கும் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து, அதாவது ரெயிலிலிருந்து, டீசல் போகும் வகை) ரெயில் பிரஷர் போதுமான அளவு ஏறாமல் இன்ஜெக்டர் திறக்காது, காற்று இருக்கும் வரை பிரஷர் ஏறாது. ஃபில்டர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் பழையதா, மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டூப்ளிகேட் சாவி வெட்டினோம். கதவு திறக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.
வாசகர், கோவை

பதில்: மீட்டரில் சாவியின் படமோ காரின் படமோ மின்னுகிறதா பாருங்கள். திருட்டைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் பூட்டான இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்கவில்லை. சாவியின் பல்லை வெட்டினால் மட்டும் போதாது, உள்ளே சிப் வைத்து வண்டியில் பதிவு செய்யணும். பழைய சாவியில் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: மழைத் தண்ணீரில் நின்ற கார், தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?
வாசகர், சென்னை

பதில்: கூடவே கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்குச் சொன்னதுதான் இப்போதும்: பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ செய்யுங்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினையே பிரிக்கணும். அந்தச் சேதத்தை இன்ஜின் ப்ரொடெக்ட் கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது. பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள்.